காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது: மஞ்சள் காமாலை எனக்குக் கற்றுத்தந்த கணக்கு

மகளுக்குக் காய்ச்சல் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று இருந்துவிட்டேன். நான்காம் நாள் காலை பல் துலக்கிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றவள், "சாப்பாட்டை நினைத்தாலே குமட்டுகிறது அம்மா" என்றாள். வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். விழியின் வெள்ளைப் பகுதி பழைய காகிதத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. கணவர் வேலைக்காக வெளியூரில் இருந்தார். நான்கு வயது மகன் எதுவும் புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ, அதாவது கல்லீரலைத் தாக்கும் ஒரு தொற்று, என்று வந்தது. முதல் காய்ச்சலிலிருந்து பத்து நாட்களுக்குள் எங்கள் குடியிருப்பில் இன்னும் ஆறு குழந்தைகளுக்கு அதே மஞ்சள் காமாலை.

அடுத்த இரண்டு மாதங்களில் நான் செய்தவற்றால் குற்றமற்ற ஒரு மனிதரின் பிழைப்பு கெட்டது. என் தங்கை புதிதாகச் சேர்ந்த வேலையை இழந்தாள். என் இரண்டரை மாதச் சம்பளமும், எடுத்த இருபத்து மூன்று நாள் விடுப்பும் வீணாயின. எல்லாம் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் செய்தவைதான். அந்தத் தவிப்பின்போது யாராவது என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, நாட்களை எண்ணச் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்குக் காய்ச்சல் தொடங்குவதற்குச் சரியாக மூன்று நாள் முன்புதான் எங்கள் குடியிருப்பின் குடிநீர் விநியோகம் கைமாறியிருந்தது. பழையவரின் ஒப்பந்தம் முடிந்து புதியவர் கேன்களில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கியிருந்தார். மஞ்சள் காமாலை தண்ணீரால் வருவது என்பது எல்லோரும் அறிந்த விஷயம். புதுத் தண்ணீர் வந்தது, மூன்றே நாளில் காய்ச்சல், பத்து நாளில் ஏழு குழந்தைகள். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. அன்று இரவு மகள் தூங்கிய பிறகு ஒரு நோட்டை எடுத்துத் தேதிவாரியாக எழுதினேன். புதியவர் வந்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். வட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வரிசையாக வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க என் நெஞ்சில் ஓர் உறுதி ஏறியது. பயத்தில் தவிப்பவருக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். கோலிஃபார்ம் பாக்டீரியா இருப்பதாக அறிக்கை வந்தது. எனக்கு அது தீர்ப்பாகவே தெரிந்தது. அந்தத் தாளில் எழுதியிருந்தது வேறு, நான் படித்துக்கொண்டது வேறு. ஹெபடைடிஸ் ஏ ஒரு வைரஸ். அந்தப் பரிசோதனை வைரஸைத் தேடவே இல்லை; தண்ணீரின் பொதுவான சுத்தத்தை மட்டும் சோதித்தது. மாதிரியையும் நான் கேனிலிருந்து நேரடியாக எடுக்கவில்லை. பலர் கைபட்ட எங்கள் சமையலறைப் பாத்திரத்திலிருந்து எடுத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் வராத வீட்டுத் தண்ணீரையோ வேறு இடத்துத் தண்ணீரையோ ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பிறகு வேறு இரண்டு இடங்களிலிருந்து எடுத்துச் சோதித்தபோது அவற்றிலும் அதே பாக்டீரியா இருந்தது. ஒன்றை மட்டும் சோதித்தால் அது எப்போதும் குற்றவாளியாகவே தெரியும். நீங்கள் எதையாவது பரிசோதனைக்கு அனுப்புவதாக இருந்தால், சந்தேகப்படாத ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். வந்த நோயின் கிருமியை அந்தப் பரிசோதனை தேடுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இதே தவறை ஒரு நாடே செய்திருக்கிறது என்று பிறகு அறிந்தேன். 2011 மே மாதத்தில் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் கொடிய தொற்று பரவியது. ஹாம்பர்க் நகரில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்களைச் சோதித்தபோது ஈ.கோலை கிடைத்தது, அவைதான் காரணம் என்று அறிவித்துவிட்டார்கள். சில நாட்களில், வெள்ளரியில் இருந்த கிருமி வகை நோயாளிகளிடம் இருந்த வகை இல்லை என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கள் வாங்க ஆளின்றி அழுகிவிட்டன. உண்மையான காரணம் முளைகட்டிய வெந்தயம். அந்தத் தொற்றில் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்று, 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உண்மையைக் கண்டுபிடித்த விதத்துக்குப் பிறகு வருகிறேன். அது எங்கள் கதையோடும் பொருந்துகிறது.

குடியிருப்போர் கூட்டத்தில் நோட்டையும் அறிக்கையையும் காட்டிப் பேசினேன். என் குரல் நடுங்கியது; ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள். ஏழு வீட்டுத் தாய்மார்களும் என் பக்கம் நின்றார்கள். தண்ணீர் விநியோகித்தவரும் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தன் பரிசோதனைச் சான்றிதழை எடுத்து நீட்டினார். யாரும் கைநீட்டி வாங்கவில்லை. "நான் இங்கே வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லையே அம்மா" என்றார். "அதனால்தான் சொல்கிறோம்" என்று நான் பதில் சொன்னேன். கூட்டம் ஆமோதித்தது. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு விடையும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

மறுநாளே அவரை நிறுத்தினார்கள். நான் வீட்டுக்குப் புதிய சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கினேன், குழாய்களை மாற்றினேன், வழக்கறிஞர் மூலம் அவருக்கு நோட்டீஸும் அனுப்பினேன். நோயும் நின்றது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, புதிதாக ஒரு குழந்தைக்குக்கூட வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையைச் சொல்வதென்றால், வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் என்றுமே உணர்ந்ததில்லை. அந்த நாட்களில் ஒருவர் கொடுத்த பொடியையும் மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் இறங்கியது, பொடியால்தான் இறங்கியது என்று நான்கு பேருக்குச் சொல்லவும் செய்தேன். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகும் நோய். தானாக இறங்கும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும்.

நிறுத்தியதும் நின்றதே என்ற வாதம்தான் எங்கள் எல்லோரையும் கட்டிப்போட்டது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பொது மூலத்திலிருந்து ஒரே நேரத்தில் பலருக்குத் தொற்றியிருந்தால், நோய் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும். நாம் பயந்து ஒன்றைச் செய்யத் தொடங்குவது பெரும்பாலும் உச்சத்தில்தான். அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் அதன்பிறகு இறங்கத்தான் செய்யும். லண்டனில் 1854ஆம் ஆண்டு பிராட் தெருக் காலரா பரவலைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார், காலரா நின்றது என்றுதான் பள்ளியில் நான் படித்தேன். உண்மையில், செப்டம்பர் 8ஆம் தேதி கைப்பிடியைக் கழற்றியபோது காலரா ஏற்கெனவே வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. மக்களில் பெரும்பகுதியினர் அந்தப் பகுதியை விட்டே ஓடியிருந்தார்கள். தண்ணீரை நிறுத்தியதால்தான் நின்றதா என்று தீர்மானிக்க முடியாது என்பதை ஸ்நோவே ஒளிக்காமல் எழுதிவைத்தார். வெற்றியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள எவ்வளவு எளிதான தருணம் அது! அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படித்தபோது என் கூட்டத்துப் பேச்சு நினைவுக்கு வந்து உடல் கூசியது.

அப்படியானால் ஸ்நோ சொன்னது சரி என்று எதை வைத்துச் சொல்கிறோம்? விதிவிலக்குகளை வைத்து. அந்த அடிபம்புக்கு அருகிலேயே ஒரு மதுபான ஆலை இருந்தது. அதன் தொழிலாளர்கள் ஆலையின் பானத்தையே குடித்தார்கள், ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. அங்கே யாரும் காலராவால் இறக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியில் 500க்கும் மேற்பட்டோர் இருந்தும் இறந்தவர் ஐந்து பேர்தான். அங்கும் தனிக் கிணறு. மறுபக்கம், சில மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு முதிய பெண்மணி காலராவால் இறந்தார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் காலரா இல்லை. விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் அதைத் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அருகில் இருந்தும் வராதவர்கள், தொலைவில் இருந்தும் வந்தவர். இந்த இரண்டு கேள்விகளையும் நான் கேட்கவே இல்லை. என் நோட்டில் நோய் வந்தவர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. வராதவர்களுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை.

கூட்டம் முடிந்து இரண்டரை வாரம் கழித்து என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. மகளின் கண் மஞ்சளாகத் தெரிந்த அன்று மாலையே எனக்குத் துணையாக ஓடிவந்தவள் அவள். வந்த நாளிலிருந்து நான் வேறு இடத்திலிருந்து வரவழைத்த தண்ணீரைக் காய்ச்சித்தான் எல்லோருக்கும் கொடுத்தேன். புதியவரின் தண்ணீரில் ஒரு சொட்டுகூட அவள் குடிக்கவில்லை. அவளைத் தொடர்ந்து இன்னும் மூன்று வீடுகளில், இந்த முறை பெரியவர்களுக்கு. பெரியவர்களுக்கு வந்தால் இந்த நோய் குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையாக இருக்கும். தங்கை பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். படுக்கையில் சுருண்டு கிடந்தவள், "அக்கா, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, என்ன சொல்வார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது அலை வந்த பிறகுதான் பொது சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். நான் நோட்டை நீட்டினேன். பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்து, "இந்தத் தேதிக்கும் முதல் காய்ச்சலுக்கும் மூன்று நாள்தானே இடைவெளி?" என்றார். ஆமாம் என்றேன். "ஹெபடைடிஸ் ஏ உடலுக்குள் போய் வெளியே தெரிய 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகும். சராசரியாக 28 நாள். மூன்று நாளில் வராது" என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நான் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லையே அம்மா என்ற அந்த மனிதரின் குரல் கேட்டது.

காரணம் என்று நாம் நினைப்பது நோய்க்கு முன்னால் நடந்திருந்தால் மட்டும் போதாது. அந்த நோய்க்குரிய தூரத்தில் முன்னால் நடந்திருக்க வேண்டும். காலராவுக்குச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள், தட்டம்மைக்குச் சுமார் பத்து முதல் பதினான்கு நாள், சின்னம்மைக்குப் பத்து முதல் இருபத்தோரு நாள், இன்ஃபுளுவென்சாவுக்கு ஒன்று முதல் நான்கு நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. வாந்தி வந்தால் நேற்றுச் சாப்பிட்டதையும், காமாலை வந்தால் சென்ற வாரத் தண்ணீரையும் நினைப்பது மனதின் பழக்கம். நினைவில் பளிச்சென்று இருப்பது அண்மையில் நடந்த மாற்றம்தான். ஒரு மாதத்துக்கு முன்பு நடந்த சாதாரண விஷயம் நினைவில் நிற்பதில்லை. ஆகவே நோயின் பெயர் தெரிந்தவுடன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தொற்றியதிலிருந்து வெளியே தெரிய எத்தனை நாள் ஆகும் என்பதுதான். பிறகு நாட்காட்டியை எடுத்து, முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாட்களுக்குள் வராத எதையும் ஒதுக்கிவிடலாம். எனக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். செலவு எதுவும் இல்லை.

அந்த அம்மையார் பின்னோக்கி எண்ணினார். சுமார் நான்கு வாரம் முன்பு, கோடை விடுமுறையில், எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் ஒரே வேனில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தார்கள். அவர் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டார். குடியிருப்பில் குழந்தைகள் மொத்தம் 31 பேர். எல்லோரும் குடித்தது ஒரே தண்ணீர். விழாவுக்குப் போனவர்கள் 12, அவர்களில் நோயுற்றவர்கள் 7. போகாதவர்கள் 19, அவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. என் நோட்டின் முப்பது பக்கங்களும் சொல்லாததை அந்த நான்கு கட்டங்கள் சொல்லிவிட்டன. பிறகு என்னென்ன குடித்தார்கள் என்று ஒவ்வொரு குழந்தையாகக் கேட்டார். அவர்களுக்கு விளையாட்டும் பரிசுகளும்தான் நினைவிருந்தன. விழா நடத்தியவர்களிடம் என்ன வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள், எப்படிப் பரிமாறினீர்கள் என்று கேட்டபோதுதான் பழச்சாற்றில் உடைத்துப் போட்ட பனிக்கட்டி வெளியே வந்தது. பழச்சாறு குடித்தவர்கள் 9 பேர். ஏழு பேரும் அவர்களுக்குள்தான் இருந்தார்கள். மூடிய பாட்டில் தண்ணீர் மட்டும் குடித்த மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. உறையவைத்தால் இந்த வைரஸ் சாவதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

ஜெர்மனியில் நடந்ததும் இதுதான். நோயாளிகளிடம் கேட்டபோது முளைகட்டிய பயிரைச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே. உணவின் மேல் அழகுக்குத் தூவியதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? ஆய்வாளர்கள் நினைவை நம்பாமல் உணவகத்துக்குப் போய், யார் எதை ஆர்டர் செய்தார்கள் என்ற பதிவுகளை எடுத்து, ஒவ்வோர் உணவிலும் என்னென்ன சேர்த்தார்கள் என்று சமையல்காரரிடம் கேட்டார்கள். அப்போதுதான் முளைப்பயிர் பிடிபட்டது. நினைவைவிட ரசீது, பட்டியல், புகைப்படம், சமைத்தவரின் கைக்குறிப்பு ஆகியவற்றை நம்புங்கள்.

இன்னொரு விஷயம் என்னை மிகவும் உறுத்தியது. வேறு குடியிருப்புகளில் இரண்டு குழந்தைகளுக்குக் காமாலை வந்தது எனக்கு முதலிலேயே தெரியும். அவர்கள் வீட்டுத் தண்ணீர் வேறு. அதனால் அது வேறு விஷயம் என்று நோட்டிலிருந்து விட்டுவிட்டேன். அவர்களும் அந்த விழாவுக்குப் போனவர்கள். எனக்குத் தெரிந்த வீடுகளைச் சுற்றி ஒரு கோடு போட்டு, கோட்டுக்குள் ஏன் இத்தனை பேர் என்று வியந்துகொண்டிருந்தேன். கோட்டைப் போட்டதே நான்தான். உங்கள் கருத்துக்குப் பொருந்தாத ஒரு நோயாளி வந்தால் தள்ளிவிடாதீர்கள். எல்லோரையும்விட அவரிடம்தான் அதிக நேரம் பேச வேண்டும்.

அப்படியானால் புதுத் தண்ணீரும் நோயும் ஒரே வாரத்தில் வந்தது எப்படி? இதையும் யோசித்துப் பார்த்தேன். விடுமுறை முடியும் தறுவாயில் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும். விடுமுறை தொடங்கும்போது விழாக்கள் நடக்கும். இரண்டையும் நகர்த்தியது நாட்காட்டி. 1940களில் அமெரிக்காவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டால் போலியோ வரும் என்ற பேச்சு பரவியது. ஐஸ்கிரீம் விற்பனையும் போலியோவும் கோடையில்தான் கூடின. இரண்டுக்கும் பொதுவானது பருவகாலம்.

எங்கள் குடியிருப்பிலேயே மூன்றாம் மாடியில் ஒருவர், பள்ளியில் போட்ட தடுப்பூசியால்தான் காமாலை வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தடுப்பூசி போட்டு ஒரு வாரத்தில் அவர் மகனுக்குக் காய்ச்சல். நான் அவரை அறியாதவர் என்று நினைத்தேன். அவர் சிந்தித்த விதமும் என்னுடையதும் ஒன்றுதான்; நாங்கள் குற்றம் சாட்டியவைதான் வெவ்வேறு. 1998இல் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியோடு ஆட்டிசத்தைச் சேர்த்துப் பேசிய கட்டுரை ஒன்று ஒரு மருத்துவ இதழில் வெளிவந்து உலகையே கலங்கவைத்தது. 2010இல் அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக இல்லை. அந்தத் தடுப்பூசியின் முதல் தவணை ஒரு வயதை ஒட்டிப் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே வயதில். இரண்டும் அருகருகே வரத்தான் செய்யும்.

ஆனால் சந்தேகப்படுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்ட முதல் நாட்களில் பிட்ஸ்பர்க் நகரில் முதியவர்கள் மூவர் இறந்தார்கள். பெரிய பீதி கிளம்பியது. மாரடைப்பால் நேர்ந்த அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இல்லை. அதே இயக்கத்தில் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தது; கணக்கிட்டபோது ஒரு லட்சம் பேருக்குச் சுமார் ஒருவர் வீதம் உண்மையாகவே கூடியிருந்தது. ஆண்டு முடிவதற்குள் இயக்கத்தை நிறுத்தினார்கள். அதிகம் பேசப்பட்டது தற்செயல். அமைதியாக எண்ணியபோது அகப்பட்டது காரணம். வழக்கமாக எத்தனை பேருக்கு வரும், இப்போது எத்தனை பேருக்கு வந்திருக்கிறது, போடாதவர்களுக்கு எத்தனை என்ற எண்கள் இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. மகளுக்கு நோய் உறுதியான அன்றே மருத்துவர் மூன்று விஷயம் சொன்னார். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சாப்பாட்டைத் தொடும் முன்பும் சோப்பால் நன்றாகக் கை கழுவுங்கள். சின்னவனையும் கவனித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றி உடனே பேசுவோம், இரண்டு வாரத்துக்குள் போட்டால்தான் பயன். என் காதில் எதுவும் ஏறவில்லை. மனம் முழுக்கத் தண்ணீர்தான். சின்னவன் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தான். அவனும் பழச்சாறு குடித்தவன் என்பது பிறகு தெரிந்தது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் வெளியே தெரியாமலே வந்துபோகும். ஆனால் மலத்தின் வழியே வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். அவனுடைய ரத்தத்தில் தொற்றுக்கான அடையாளம் இருந்தது. அவனைக் கழிப்பறைக்கு அழைத்துப்போனதும் கழுவிவிட்டதும் என் தங்கைதான். அந்த இரண்டு வாரத்தை நான் பரிசோதனைக்கூடத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் கழித்தேன்.

ஆகவே காரணத்தைத் தேடுபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேடுங்கள், ஆனால் மருத்துவர் சொன்னதை முதலில் செய்துவிட்டுத் தேடுங்கள். சந்தேகத்தை எழுதிவைத்து, சுகாதாரத் துறைக்கு முதல் வாரத்திலேயே தெரியப்படுத்துங்கள். நான் பெரும் மக்கள் ஆதரவைத் திரட்டினேனே தவிர, அந்தத் துறைக்கு ஒரு தகவல்கூடச் சொல்லவில்லை. ஒரு மனிதரின் பெயரைக் கூட்டத்தில் சொல்லும் முன், எது தெரியவந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அன்று யாராவது என்னை அப்படிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

தங்கை வீடு திரும்பிய மறுவாரம் அந்த மனிதரைத் தேடிப்போனேன். வாசலில் காலிக் கேன்கள் அடுக்கிக் கிடந்தன. எங்கள் குடியிருப்பு நிறுத்தியதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு இடங்களில் அவரை நிறுத்திவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பேசி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டார். கோபப்படவில்லை. "இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் அம்மா. வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்" என்றார். அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். நாட்களின் கணக்கையும் நான்கு கட்டங்களையும் வரைந்தேன். நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதினேன். அவர் அதை முழுவதும் படித்துவிட்டு, சான்றிதழ் இருந்த அதே சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். இதுவரை 11 வீடுகள் அவரிடம் மீண்டும் தண்ணீர் வாங்குகின்றன. மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும், ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். நேற்று போன வீட்டில் ஓர் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருந்தாலும், அவர் தண்ணீரை நிறுத்தியதும் நோய் நின்றுவிட்டதே" என்றார். உட்காரலாமா என்று கேட்டேன். அவர் வீட்டுச் சுவரில் இருந்த நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதல் காய்ச்சலிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கினேன்.